பழைய கிணற்றுக்கு ஒரு பழைய இன்ஜின்



டவுனில் இருக்கிறவங்களுக்கு ஆயில் இன்ஜின் என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரணும். டீசலில் ஓடும், ஒரே ஒரு சிலிண்டர், பக்கத்தில் கனமான இரும்புச் சக்கரம். கையால் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்பணும். பேட்டரியும் கிடையாது, சாவியும் கிடையாது. கரண்ட் வராத கிணறுகளில் தண்ணி இறைக்க இதுதான் வழி. எங்க பக்கத்தில் (செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில்) முப்பது வருஷத்துக்கு முன்னால் எந்தக் கொல்லைப் பக்கம் போனாலும் 'டுக்கு டுக்கு' என்று இந்தச் சத்தம்தான். 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் என்று வந்த பிறகு ஒவ்வொரு கிணறாக மோட்டாருக்கு மாறிடுச்சு. எங்க கிணற்றுக்கு இன்னும் லைன் வரலை. எழுதிப்போட்டு வரிசையில் நிற்கிறோம். அதனால் அப்பா காலத்தில் வாங்கின 5 ஹெச்.பி. இன்ஜின்தான் இன்றுவரைக்கும் சோறு போட்டுக்கிட்டு இருந்தது.

போன மாசியில் அது போச்சு.

மார்கழிப் பட்டத்தில் முக்கால் ஏக்கர் மல்லாட்டை போட்டிருந்தேன். மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான், எங்க ஊர்ப் பேர் அது. ஐம்பது நாள் பயிர். பூத்து முடிந்து விழுது இறங்குகிற நேரம். மல்லாட்டைக்கு இது ரொம்ப முக்கியமான கட்டம். பூ மேலே பூக்கும், அதிலிருந்து ஊசி மாதிரி ஒரு விழுது கிளம்பி மண்ணுக்குள்ளே இறங்கும், இறங்கின இடத்தில்தான் காய் பிடிக்கும். மண் ஈரமாக, பொலபொலன்னு இருந்தால்தான் விழுது இறங்கும். காய்ந்து கெட்டியாயிட்டா ஊசி வெளியிலேயே நின்று கருகிடும். செடி பச்சைப்பசேல்னு இருக்கும், பிடுங்கிப் பார்த்தால் காய் இருக்காது.

அன்றைக்குப் பாதிக் கொல்லை பாய்ந்திருந்தது. நான் மடை திருப்பிக்கிட்டு இருக்கேன். கிணற்றுக்குள்ளே சத்தம் மாறிச்சு, அடுத்த நிமிஷம் 'டமார்'னு ஒரு சத்தம், அப்புறம் அமைதி. போய் எட்டிப் பார்த்தால் எண்ணெய்ப் புகை. புகை அடங்கினதும் இறங்கிப் பார்த்தேன். இன்ஜின் வயிற்றில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. கனெக்டிங் ராடு போல்ட் அறுந்து, ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. எங்க மெக்கானிக் பாய் வந்து பார்த்தார். நாற்பது வருஷமாக இந்தப் பக்கத்து இன்ஜின் எல்லாம் அவர் கைதான். ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தம்பி, கிராங்கும் வளைஞ்சிருக்கு. இதுக்கு மேல இதுல காசு போடாத. வெல்டிங் வெச்சா ஒரு மாசம் ஓடும். வேற பார்த்துக்க."

வேற என்ன பார்க்கிறது? கணக்குப் போட்டுப் பார்த்தோம். புது இன்ஜின் கடையில் விசாரித்ததற்கு நாற்பதாயிரத்துக்குப் பக்கம் சொன்னாங்க. சோலார் பம்புக்கு அரசு மானியம் உண்டு, ஆனால் நம்ம பங்குப் பணமே லட்சத்துக்கு மேலே வரும், மனு போட்டு ஆள் வந்து மாட்டுவதற்குள் அறுவடையே முடிந்துடும். மின் இணைப்பைத் தட்கலில் வாங்கலாம், அதற்கும் லட்சக்கணக்கில் கட்டணும். சின்ன பெட்ரோல் பம்பு மலிவுதான், அதைக் கிணற்றுக்குள் இறக்கி ஏழு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் தாங்காது என்று பாய் சொல்லிட்டார்.

கையில் இருந்தது ஆறாயிரம். வீட்டுக்காரம்மா அன்றைக்கு ராத்திரி சொன்னாங்க: "ஏங்க, கம்மல அடகு வெக்கிறது இருக்கட்டும். அந்த ரெண்டு கெடாவ குடுத்துடலாம். கம்மல வெச்சா வட்டி கட்டணும், கெடா திரும்ப வளரும்." சித்திரையில் குலசாமிக்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று என்று வளர்த்த கிடாக்கள். சாமிக்கு விட்டதை விற்கலாமா என்று நான் இழுத்தேன். "பயிர் நின்னாத்தான் சாமிக்குப் பொங்கலே. நான் சொல்லிக்கிறேன் சாமிகிட்ட"ன்னு முடிச்சிட்டாங்க. ரெண்டும் 14,500 ரூபாய்க்குப் போச்சு. ஆக மொத்தம் 20,500. இதற்குள் இன்ஜின் வாங்கி, கொண்டுவந்து, இறக்கி, மாட்டி, ஓட்டணும்.

பக்கத்துக் கொல்லை அண்ணன் அவர் மோட்டாரிலிருந்து ஒரு தண்ணி விட்டுக் காப்பாற்றினார். அவருக்கும் நெல் நிற்குது, ரெண்டாவது தடவை கேட்க முடியாது. ஒரு தண்ணி என்றால் எங்க மண்ணில் எட்டு நாள், மிஞ்சினால் பத்து நாள். அதுதான் எனக்குக் கிடைத்த கெடு.

முதலில் விழுப்புரத்தில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனோம். கார், பைக்குக்கு உதிரி வேணும்னா சென்னை புதுப்பேட்டை மாதிரி இடம் இருக்கு. ஆயில் இன்ஜினுக்கு அப்படி ஒரே இடம் கிடையாது, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடக்கும். அந்தக் கடையில் ஒரு இன்ஜின் பச்சைப் பெயிண்ட் அடித்து பளபளன்னு நின்றது. விலை 13,000. கடைக்காரர் ஹேண்டில் போட்டார், ஒரே சுற்றில் கிளம்பிச்சு. எனக்கு மனசுக்குள் பிடித்துப்போச்சு. பாய் அதற்கு முன்னாலேயே ஒரு வேலை செய்திருந்தார். கடைக்குள் நுழைந்ததும் பேச்சுக் கொடுத்துக்கிட்டே இன்ஜின் ஹெட்டில் கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. நாங்க வரும்போதே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்காங்க. தேய்ந்துபோன இன்ஜின் ஆறி இருக்கும்போதுதான் கிளம்ப அடம் பிடிக்கும், சூடாக இருந்தால் எதுவும் கிளம்பும். அப்புறம் ஆயில் அளவுக் கம்பியை இழுத்துக் காட்டினார். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது. உள்ளே தண்ணி இறங்குது என்று அர்த்தம். கேஸ்கெட் போயிருக்கலாம், இல்லையென்றால் ஹெட்டிலோ லைனரிலோ கீறல். "டீ சாப்ட்டு வர்றோம்"னு சொல்லிட்டு வந்துட்டோம்.

ரெண்டாவது, திண்டிவனம் பக்கம் ஒரு கான்கிரீட் கலவை மெஷின் வைத்திருப்பவரிடம். அங்கே பெயிண்ட் எல்லாம் இல்லை, நேர்மையாகத்தான் காட்டினார். ஆனால் சிமெண்ட் தூசியிலேயே ஓடின இன்ஜின். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் முன்னும் பின்னும் கடகடன்னு விளையாடுச்சு. எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் ரயில் மாதிரி புகை ஊதுது. ரிங், லைனர், பேரிங் எல்லாமே மாற்றணும். 8,000 ரூபாய் சொன்னார். "இத ரெடி பண்றதுக்கு இன்னொரு பன்னெண்டாயிரம் வேணும் தம்பி"ன்னார் பாய்.

அஞ்சு நாள் போச்சு. மத்தியானத்தில் இலை மூடிக்கொள்ள ஆரம்பிச்சுது.

அப்போதுதான் பாய் ஒரு விஷயம் சொன்னார். "கடையில தேடாத. கரண்ட் வந்த ஊர்ல தேடு." யோசித்துப் பார்த்தால் சரிதான். 2021-இல் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக விவசாய மின் இணைப்பு கொடுக்கிற திட்டம் தொடங்கினாங்க. அப்படி லைன் கிடைத்த கிணறுகளில் எல்லாம் இன்ஜின் என்ன ஆகியிருக்கும்? தூக்கி மேலே வைத்து, தார்ப்பாய் போட்டு மூடியிருப்பாங்க. ஓடி ஓடித் தேய்ந்து விற்ற இன்ஜின் வேறு, நன்றாக ஓடும்போதே வேலை இல்லாமல் போன இன்ஜின் வேறு. என் மச்சான் கீழ்பென்னாத்தூர் பக்கம் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். அவரிடம் சொன்னேன். பால் ஊற்ற வருகிற இடத்தில் சொன்னால் சுற்றியுள்ள ஊருக்கெல்லாம் சொன்ன மாதிரி. மறுநாளே மூணு இடம் தகவல் வந்தது.

முதல் இடத்தில் ஒரு பெரியவர். எழுபத்தைந்து வயசு இருக்கும். லைன் வந்து ரெண்டு வருஷம் ஆச்சாம். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் பலகை மேலே இன்ஜின். மேலே சாக்கு, அதன் மேலே தார்ப்பாய். பிரித்தால் துரு இல்லை. சைலன்சர் வாயில் தண்ணி போகாமல் டப்பா கவிழ்த்து வைத்திருந்தார்.

"வாரத்துக்கு ஒரு நாள் நாலு சுத்து சுத்தி வுட்டுடுவேன் தம்பி. சும்மா கெடந்தா பிஸ்டன் புடிச்சிக்கும்ல."

பாய் முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிச்சி. ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஹெட்டில் ஒரு சின்ன லிவர் இருக்கும், அதைத் தூக்கினால் உள்ளே இருக்கிற காற்று வெளியேறி இன்ஜின் லேசாகச் சுற்றும். இறக்கிவிட்டால் அமுக்கம் பிடிக்கும். லிவரை இறக்கி வைத்து ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினார். மேலே போய் 'கல்லு மாதிரி' நின்றது. அமுக்கம் அப்படியே இருக்கு. பிளாக் முழுக்க மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூளைத் தூவினார். கீறல் இருந்தால் உள்ளே இறங்கின மண்ணெண்ணெய் ஊறி வந்து கோடு காட்டிக்கொடுக்கும். கோடு எதுவும் இல்லை. தகட்டில் 5 ஹெச்.பி., 1500 சுற்று என்று இருந்தது. எங்க பம்பும் 1500 சுற்றுதான். சுற்று வேகமும் சுற்றுகிற திசையும் பம்போடு ஒத்துவராவிட்டால் நல்ல இன்ஜினும் நமக்கு ஆகாது. பம்பு மேலே அம்புக்குறி போட்டிருக்கும், அதைப் புறப்படும் முன்னாலேயே பாய் பார்த்து வைத்திருந்தார்.

பெரியவரே கிளப்பினார். யாரையும் ஹேண்டிலைத் தொட விடவில்லை. ஆறிக் கிடந்த இன்ஜின், மூணாவது சுற்றில் கிளம்பிச்சு. முதலில் வெள்ளைப் புகை, ரெண்டு நிமிஷத்தில் புகை தெளிந்து நின்றது. விடாமல் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரியுது, கறுப்பு வந்தால் நாசில் சரியில்லை. ரெண்டும் இல்லை.

விலை 15,000 சொன்னார். நான் 10,000 கேட்டேன். பழைய இரும்புக்காரன் கிலோ கணக்கில் கேட்டபோதே கொடுக்கவில்லை என்றார். அப்புறம் என்ன பயிர், எத்தனை நாள் என்று விசாரித்தார். விழுது இறங்குகிற நேரம் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பதினொன்றரை குடுத்துட்டு இன்னிக்கே ஏத்து. நாளைக்குன்னு வெக்காத."

11,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். குட்டியானை வண்டியில் ஏற்றும்போது ஹேண்டிலைத் தனியாகத் துணியில் சுற்றிக் கொடுத்தார். "இது தேஞ்ச ஹேண்டிலு, கைய உதறும். பெருவிரல மடக்காம, மத்த விரலோட சேத்து வெச்சிப் புடி" என்றார். ஹேண்டில் திருப்பி அடித்தால் பெருவிரல்தான் முதலில் போகும். தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

வாங்கினது பாதி வேலை. மாட்டுவதுதான் மீதி.

எங்க கிணறு ஐம்பத்தைந்து அடி. மாசியில் தண்ணி நாற்பது அடிக்குக் கீழே போயிடும். பம்பு தண்ணியை உறிஞ்சுகிற ஆழத்துக்கு ஓர் எல்லை இருக்கு. கணக்குப்படி 33 அடி என்பாங்க, நடைமுறையில் இருபது, இருபத்திரண்டு அடிக்கு மேலே இழுக்காது. அதனால்தான் இந்தப் பக்கத்துப் பழைய கிணறுகளில் பாதி ஆழத்தில் ஒரு திட்டு கட்டி, இன்ஜினையும் பம்பையும் அங்கே வைத்திருப்பாங்க. எங்க திட்டு இருபத்தைந்து அடியில். நூறு கிலோவுக்கு மேலே இருக்கிற இரும்பை அங்கே இறக்கணும்.

முக்காலி நட்டு, வாடகைக்கு எடுத்த செயின் பிளாக் மாட்டி, முதலில் உடைந்த இன்ஜினை மேலே ஏற்றினோம். அப்புறம் புதுசு. (எங்களுக்கு அது புதுசுதானே.) இறக்குவதற்கு முன்னால் கொட்டாயில் வைத்து பாய் ஹெட்டைக் கழற்றி ரிங், கேஸ்கெட் மாற்றினார். கனெக்டிங் ராடு போல்ட்டைப் புதுசு போட்டார். "மத்தது எல்லாம் பழசு இருக்கலாம். இந்த போல்ட் மட்டும் பழசு கூடாது. உன் இன்ஜின் எப்படிப் போச்சு பார்த்தல்ல."

இறக்கினால், கால் துளை பொருந்தவில்லை. பழைய கான்கிரீட் மேடையில் நிற்கிற நாலு போல்ட்டும் ஒரு அளவு, இந்த இன்ஜின் கால் வேறு அளவு. மேடையை உடைத்துப் புதிதாகப் போட்டால் கான்கிரீட் இறுக ஒரு வாரம் ஆகும். பாய் முதல் நாளே அளவெடுத்து, பட்டறையில் ரெண்டு சி சேனல் இரும்பு வெட்டி, பழைய போல்ட்டுக்கு ஒரு துளை, புது இன்ஜினுக்கு ஒரு துளை என்று போட்டு வைத்திருந்தார். சேனல் மேலே இன்ஜின் உட்கார்ந்ததும் அரை அங்குலம் உயர்ந்துபோச்சு. இன்ஜின் தண்டும் பம்பு தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கணும், ஒரு நூல் தவறினாலும் கப்ளிங் ரப்பர் தேய்ந்து பேரிங் போயிடும். பம்புக்கு அடியில் தகடு வைத்துத் தூக்கி, கப்ளிங் மேலே இரும்பு ஸ்கேலை வைத்து நாலு பக்கமும் பார்த்துப் பார்த்து, அதற்கே மூணு மணி நேரம்.

பிறகு பம்பு டெலிவரி பைப்பிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் இன்ஜினுக்கு. இறைக்கிற தண்ணியில் கொஞ்சம் இன்ஜினைச் சுற்றிப் போய்க் குளிர வைக்கும். பம்பு தண்ணி விட்டுட்டா இன்ஜினும் சூடாயிடும் என்பதால் இதை அடிக்கடி கவனிக்கணும். அடுத்தது புகைப் பைப். அதைக் கிணற்றுக்கு மேலே, தரைக்கு ஆறடி உயரம் வரைக்கும் கொண்டுபோனோம். மூட்டுக்கு மூட்டு மாவு மாதிரி பேஸ்ட் தடவி இறுக்கினோம். இதில் மட்டும் காசு பார்க்கக் கூடாது நண்பர்களே. இன்ஜின் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கிணற்றுக்குள் இறங்கி அப்படியே சுருண்டவங்க உண்டு, தூக்கப்போனவங்களும் சேர்ந்து போனது உண்டு. விளக்கு எரியுதா என்று இறக்கிப் பார்ப்பது இதற்குப் போதாது, அந்த வாயு இருந்தாலும் விளக்கு எரியும். எங்க வழக்கம், கிளப்பிவிட்டு உடனே மேலே வந்துடணும். ஓடும்போது யாரும் இறங்கக் கூடாது. நிறுத்துவதற்கு டீசல் பம்பு லிவரில் கயிறு கட்டி மேலே விட்டிருக்கோம்.

பதினோராவது நாள் சாயங்காலம். ஹேண்டில் போட்டேன், கிளம்பலை. டீசல் குழாயில் காற்று. நட்டைத் தளர்த்தி, குமிழி போய் டீசல் மட்டும் வருகிற வரைக்கும் பார்த்து இறுக்கினார் பாய். அடுத்த சுற்றில் கிளம்பிச்சு. தண்ணி வரலை. புட்வால்வு தோல் காய்ந்துபோய்க் கசியுது. கயிற்றைக் கட்டிக்கொண்டு பையன் இறங்கி வாசரை மாற்றினான். குடத்தில் தண்ணி ஊற்றிப் பம்பை நிரப்பி மறுபடியும் கிளப்பினோம். பைப் ஒரு தடவை குலுங்கிச்சு, காற்றாகத் துப்பிச்சு, அப்புறம் முழு வாயில் தண்ணி. வீட்டுக்காரம்மா மண்வெட்டியோடு மடையில் தயாராக நின்றாங்க. ராத்திரி பத்தரை வரைக்கும் பாய்ச்சினோம்.

செலவு: இன்ஜின் 11,500. வண்டி வாடகை 1,800. ரிங், கேஸ்கெட், போல்ட், வாசர், ஆயில் 1,950. சேனல், துளை 1,100. செயின் பிளாக் 500. பாய்க்கு 2,000. ஆள், சாப்பாடு 850. மொத்தம் 19,700. உடைந்த பிளாக்கும் கிராங்கும் 55 கிலோ, கிலோ 30 ரூபாய்க்குப் போட்டதில் 1,650 திரும்பி வந்தது. நாசிலும் டீசல் பம்பும் இதற்கும் பொருந்தும் என்று பாய் சொன்னதால் அதை விற்காமல் எண்ணெய் தடவி எடுத்து வைத்திருக்கேன்.

மல்லாட்டை 14 மூட்டை வந்தது. வழக்கமாக அந்த முக்கால் ஏக்கரில் 17, 18 வரும். மேட்டுப் பக்கம் கருகின விழுது திரும்ப வரவில்லை, அவ்வளவுதான். மணிக்கு ஒரு லிட்டர் டீசல், ஒரு தண்ணிக்கு ஏழு மணி நேரம், லிட்டர் 95 ரூபாய் சுமாருக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. லைன் வருகிற வரைக்கும் இப்படித்தான். கிடாவுக்குப் பதில் சித்திரையில் சாமிக்குச் சேவல்தான் அறுத்தோம். அடுத்த வருஷத்துக்கு ஒரு குட்டி நேர்ந்து விட்டிருக்காங்க.

உங்களில் நிறையப் பேருக்கு ஊரில் தாத்தா வீடு, பூட்டின கொட்டகை இருக்கும். தார்ப்பாய்க்கு அடியில் இந்த மாதிரி ஒரு இன்ஜின் கிடக்கலாம். அடுத்த முறை போகும்போது எடைக்குப் போட்டுடாதீங்க. எடைக்குப் போட்டால் மூவாயிரமோ நாலாயிரமோ கிடைக்கும். பால் சொசைட்டியிலோ டீக்கடையிலோ ஒரு வார்த்தை சொல்லி வைங்க. தேடிக்கிட்டு ஒருத்தன் வருவான். அதுவரைக்கும் வாரம் நாலு சுற்றுச் சுற்றிவிடச் சொல்லுங்க, பிஸ்டன் பிடிச்சிக்கும்.